வாழைமரத்துக்குப் போன ஊசியும் புஷ்பாவுக்குப் போட்ட ஊசியும்

நான் வேலையில் இருந்தபோது ஒரு வாழைமரத்துக்கு ஏழு மாதம் வைத்தியம் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று ஊசி. அதுவும் சாதாரண ஊசியில்லை, குளிர்பெட்டியிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டிய விலை உயர்ந்த ஊசி. மரத்துக்குத்தான் போகிறது என்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போன மாதம் என் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஈப்போவில் நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரைக்கு நம்பர் வர நேரமிருந்ததால், மாடியேறி பழைய நரம்பியல் கிளினிக்கை எட்டிப் பார்த்தேன். நாற்காலிகளில் நான்கு பேர் சாய்ந்திருந்தார்கள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் கைப்பேசி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து இப்படி அரை நாள் உட்கார்ந்தால் போதுமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே இப்போது வேலை செய்யும் கவிதா என்ற பெண்ணிடம் வாழைமரக் கதையைச் சொன்னேன். "அக்கா, சத்தியமாவா? வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, எழுதி வைங்க லா. நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள். அதனால் எழுதுகிறேன். வாழைமரத்தை மட்டும் எழுதினால் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் புஷ்பாவையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஸ்டெல்லா. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாதியர் பயிற்சி மூன்று வருடம். அதில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான்: படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது, பெரிய சிஸ்டர் வரும்போது சிரிக்கக்கூடாது. முதலாவதைக் கற்றுக்கொண்டேன். அதன்பின் பிரசவ வார்டு, எலும்பு வார்டு என்று சுற்றிவிட்டு, நாற்பதை நெருங்கும்போது நரம்பியல் கிளினிக்குக்கு வந்தேன். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் தண்டுவட மரப்பு நோய்க்காரர்கள் என் பொறுப்பு.

நோயாளிகளின் குடும்பத்துக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். வீட்டில் ஓடும் கரண்ட் வயர் மேல் ரப்பர் உறை இருக்கும் அல்லவா? அதை எலி கடித்தால் விளக்கு மினுக்கும், காற்றாடி நிற்கும். நரம்பு மேலும் அப்படி ஓர் உறை உண்டு. அதைக் கடிக்கும் எலி வெளியிலிருந்து வருவதில்லை, நம் உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களேதான். ஒரு முறை கண் மங்கும், இன்னொரு முறை கால் மரக்கும். பிறகு தானாகக் கொஞ்சம் சரியாகும். அடுத்த தாக்குதல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊசி இருக்கிறதே, அது கடித்த இடத்தை ஒட்டவைக்காது. அடுத்த கடியைத் தள்ளிப்போடும், குறைக்கும். அவ்வளவுதான். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வேறு அடிக்கும். ஆக, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதரிடம், "எப்போதோ வரப்போவதற்காக இப்போதே காய்ச்சலை வாங்கிக்கொள், அதையும் உன் கையாலேயே குத்திக்கொள்" என்று சொல்வதுதான் என் வேலை. சந்தையில் அழுகின தக்காளி விற்பது இதைவிடச் சுலபம்.

எங்கள் தலைவர் டாக்டர் சியூ. மெங்லெம்புவில் பிறந்த சீனர், ஒல்லி, உயரம், சத்தமே போடமாட்டார். நோயாளி உள்ளே வந்தால் ஸ்கேன் படத்தைத் தொடமாட்டார். முதலில் ஒரே கேள்வி: "போன மாசம் செஞ்சது, இந்த மாசம் என்னா செய்ய முடியல?" தமிழர்களிடம் தமிழில், மலாய்க்காரர்களிடம் மலாயில். பிறகு வராந்தாவில் தரையில் ஒட்டிய இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே நடக்கவைத்து, நிறுத்துக் கடிகாரத்தைப் பிடிப்பார். "நட, நட, திரும்பு." திரும்பும் இடத்தில்தான் அவர் கண் இருக்கும். நேராக நடப்பதில் யாரும் ஏமாற்றலாம், திரும்பும்போது கால் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். அடுத்து, கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு பொருளை வைப்பார். சாவி, பொத்தான், மெங்லெம்பு வேர்க்கடலை. விரலால் தடவியே என்னவென்று சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் கடலையை உடைத்துத் தின்றுவிடுவார். ஒரு நாளில் பத்து நோயாளி என்றால் பத்து கடலை. மதிய உணவுக்கு அவர் போய் நான் பார்த்ததேயில்லை.

இனி வாழைமரம்.

குணா கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். முப்பத்தோரு வயது, வாட்டசாட்டமான ஆள், ஊசியைக் கண்டால் உதடு வெளுத்துவிடும். அவனுக்கும் மற்றவர்களைப் போலவே கற்றுக்கொடுத்தேன். அரை மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வை. காய்ச்சல் மாத்திரை ஒன்று விழுங்கு. தோலைக் கிள்ளிப் பிடி, நேராகக் குத்து, மெதுவாக அழுத்து, பத்து வரை எண்ணி எடு. இரண்டு தொடை, இரண்டு கை, வயிற்றின் இரண்டு பக்கம், பின்புறம் இரண்டு என்று எட்டு இடம், ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் போடாதே. போட்ட ஊசிகளை மஞ்சள் டப்பாவில் சேர்த்துக் கொண்டு வா. எண்ணிப் பார்ப்பேன்.

குணா ஒவ்வொரு முறையும் டப்பாவை நிரப்பிக்கொண்டு வந்தான். எண்ணிக்கை சரியாக இருக்கும். மற்ற நோயாளிகளிடம் அவனை உதாரணம் காட்டினேன். ஆனால் அவனுக்குக் காய்ச்சலே வரவில்லை. தோலில் ஒரு சிவப்பு, ஒரு தடிப்பு கிடையாது. ரத்தப் பரிசோதனையும் மருந்துக்கு முன் இருந்தது போலவே இருந்தது. "உடம்பு மருந்த நல்லா ஏத்துக்குது மிஸ்ஸி," என்றான். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஏழாவது மாதம் அவன் இடது கண் மங்கிவிட்டது.

தைப்பிங்கில் என் நாத்தனார் வீடு. அங்கே போன ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லாமலேயே பக்கத்தில் கமுந்திங்கில் குணா வீட்டுக்குள் நுழைந்தேன். அவன் மனைவி செல்வி மட்டும் இருந்தாள். காப்பி கலக்கிக்கொண்டே பின்வாசலைக் காட்டிப் புலம்பினாள். "அந்தக் கடைசி மரம் மட்டும் கொலையே தள்ள மாட்டேங்குது அக்கா. இவரு தெனமும் போயி அதத்தான் பாத்துட்டு நிக்கிறாரு. வெட்டலாம்னாலும் விட மாட்டேங்கிறாரு."

ஒரு ஆண்பிள்ளை வாழைமரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பானா? எழுந்து போய்ப் பார்த்தேன். தண்டில் இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், பால் காய்ந்த கறை. வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி. பக்கத்திலே மார்க்கர் பேனாவால் சின்னதாகக் கிழமைகளின் முதலெழுத்துகள்: தி, பு, வெ. தி, பு, வெ.

சிரித்துச் சிரித்து அந்த மரத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துக் குணா சைக்கிளில் வந்து இறங்கினான். என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா இது?"

"நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் போடக்கூடாதுன்னு."

செல்வி காப்பிக் குவளையோடு வாசலில் நின்றுவிட்டாள். பிறகுதான் விஷயம் வந்தது. முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டிருக்கிறான். மறுநாள் காலை நடுக்கத்தோடு வேலைக்குப் போய் இயந்திரத்தின் முன் நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்த்தாராம். நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். மருந்தைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. டப்பாவில் ஊசி இல்லாவிட்டால் நான் கேட்பேன். யோசித்து யோசித்து மரத்தைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"அப்ப எனக்கும் பொய்யா?" என்றாள் செல்வி. அவள் அழுததில் என் சிரிப்பு நின்றுவிட்டது. கண் மங்கியது விளையாட்டில்லையே.

திங்கட்கிழமை டாக்டர் சியூவிடம் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்து விட்டத்தைப் பார்த்தார். "மரம் எப்படி நடக்குது?" என்று கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. குணாவைக் கூப்பிட்டு, அவன் ஷிப்ட் அட்டவணையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் ஓய்வு வரும்படி ஊசி நாள்களை மாற்றினார். மருந்தின் அளவைக் கால் பங்கிலிருந்து மெல்ல ஏற்றச் சொன்னார். பின்னால் வாய்வழி மாத்திரை வந்தபோது முதலில் அதற்கு மாற்றப்பட்டவர்களில் குணாவும் ஒருவன். முதல் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் ஆறு மணி நேரம் வார்டில் வைத்து மணிக்கொரு தரம் நாடி பார்க்க வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் செல்வி அவன் கையை விடவில்லை. பாசம் என்று நினைத்தேன். "முழுங்கிட்டாரான்னு வாயத் தொறந்து பாத்துட்டேன் அக்கா, ஆனாலும் நம்ப முடியாது," என்றாள். அவன் இன்றும் வேலைக்குப் போகிறான்.

இந்தக் கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. எனக்கு 'மாத்தா மிஸ்ஸி' என்று பெயர் வைத்தார்கள். மாத்தா என்றால் இங்கே போலீஸ். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வினை. நோயாளி வந்து உட்கார்ந்ததும், இவள் எந்த மரத்துக்குப் போடுகிறாள் என்றுதான் முதலில் யோசிப்பேன். டப்பாவை எண்ணுவதையே விட்டுவிட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் என்ன, குணாவினுடையதும் சரியாகத்தானே இருந்தது?

அப்படி இருக்கும்போது புஷ்பா வந்தாள்.

இருபத்தேழு வயது. என் ஊர்ப் பக்கம்தான், சுங்காய். பழைய தோட்டத்துக் குடும்பம், அப்பா அம்மா பாமாயில் தோட்டத்தில் வேலை. இவள் டடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், ஆசிரியை. வாய் என்றால் வாய். முதல் நாளே என்னிடம், "மிஸ்ஸி, ஊசி போடுறது எப்படின்னு நீங்க சொல்லிக்குடுக்குறது எங்க நாலு வயசுப் பிள்ளைங்களுக்கே புரியும். கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க," என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வேறோர் இடத்தில் எம்.எஸ். என்று முடிவாகி, எங்களிடம் ஊசிக்கு அனுப்பப்பட்டவள். இடது கண்ணில் முதல் தாக்குதல்.

ஊசி ஆரம்பித்த மூன்றாவது மாதம் அவள் கால்கள் மரத்தன. டாக்டர் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார், கொஞ்சம் தேறினாள். அவள் தொடையைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. காய்ச்சலும் பெரிதாக இல்லையாம். எனக்குள் இருந்த போலீஸ் விழித்துக்கொண்டது.

"உண்மையச் சொல்லும்மா. ஊசியப் போடுறியா?"

"போடுறேன் மிஸ்ஸி."

"எங்க போடுற?"

"எங்க போடச் சொன்னீங்களோ அங்கதான். காட்டவா?"

"வீட்டுல வாழைமரம் இருக்கா?"

அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இருக்கு. ஏன், எல வேணுமா?"

ஃபைலில் எழுதினேன்: ஊசி முறையாகப் போட்டுக்கொள்கிறாரா என்பது சந்தேகம். அடுத்த மாதமும் அதையே எழுதினேன். அதற்கடுத்து, கை விரல் மரக்கிறது என்று வந்தபோது மூன்றாம் முறை எழுதினேன். அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஊசி போட்டும் நோய் ஏறுகிறது என்றால் டாக்டர் ஊசியைச் சந்தேகிப்பார். ஊசியே போடவில்லை என்றால் யாரைச் சந்தேகிப்பார்?

பள்ளி விடுமுறை வந்தது. புஷ்பாவின் சித்தி வீடு ஈப்போவில் புந்தோங்கில். நான்கு வாரம் அங்கே தங்கி, வாரம் மூன்று நாள் கிளினிக்குக்கு வா, என் கையாலேயே போடுகிறேன் என்றேன். மறுப்பாள், குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தேன். "சரி வாரேன்," என்றாள். "அப்பவாச்சும் நம்புவீங்களா?"

வந்தாள். ஒரு நாள் தவறவில்லை. நான்தான் தோலைக் கிள்ளினேன், நான்தான் குத்தினேன், நான்தான் பத்து வரை எண்ணினேன். மறுநாள் தோலில் ஒரு சிவப்பும் இல்லை. சிலருக்கு அப்படித்தான் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் படித்தும் இருக்கிறேன். இருந்தாலும், இங்கே போடுவதால் இனி எல்லாம் சரியாகிவிடும், அப்போது தெரியும் இவள் வண்டவாளம் என்று ஒரு அல்ப ஆசை எனக்குள் இருந்தது.

மூன்றாவது வாரம் அவளுக்கு விக்கல் பிடித்தது. ஊசி போடும்போதும் விக்கல், மாத்திரை விழுங்கும்போதும் விக்கல். சாப்பிட்டதும் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. நான்காவது வாரத்துப் புதன்கிழமை, அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேலி பண்ணினேன்.

"யாரும்மா அது, ஒன்பது நாளா விடாம ஒன்ன நெனைக்கிறது? கல்யாணத்த முடிச்சு வைக்கச் சொல்லவா?"

"நீங்கதான் மிஸ்ஸி... ஹிக்... ராத்திரி பகலா... ஹிக்... நான் எப்படிப் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டு இருக்கீங்க."

கதவருகே காலடிச் சத்தம் நின்றது. தேநீருக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் சியூ, குவளையோடு உள்ளே வந்தார்.

"எத்தன நாள்?"

"ஒன்பது, டாக்டர்," என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. குவளையை என் மருந்து டிரேயின் மேலேயே வைத்தார், அவர் ஒருபோதும் செய்யாத காரியம். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நடந்தாள். திரும்பும் இடத்தில் வலது கால் அவளோடு வரவில்லை. விழப்போனவளை டாக்டர்தான் பிடித்தார். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் கடலையை வைத்தார். தடவித் தடவிப் பார்த்து, "கல்லா?" என்றாள். டாக்டர் அந்தக் கடலையை உடைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஊசிய நிறுத்து," என்றார் என்னிடம்.

"டாக்டர், இன்னிக்கு டோஸ் இப்பதான்..."

"நிறுத்து, ஸ்டெல்லா."

அன்றே வார்டில் சேர்த்தோம். கழுத்திலிருந்து முதுகு வரை ஸ்கேன் எடுத்தபோது தண்டுவடத்தில் நீளமாக ஒரு கோடு தெரிந்தது. எம்.எஸ். கடித்தால் சின்னச் சின்னப் பொட்டாகத்தான் இருக்கும். இது என்.எம்.ஓ. என்ற வேறு நோய், எம்.எஸ்.ஸின் தங்கச்சி மாதிரி முகம், குணம் வேறு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். மூளையின் அடியில் வாந்தியையும் விக்கலையும் ஆளும் மூலையையும் தொடும். அதைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை அப்போதுதான் வந்திருந்தது, ரத்தத்தை வெளியே அனுப்ப வேண்டும், பதில் வர வாரங்கள் ஆகும். டாக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை. ஸ்டீராய்டு ஏற்றி, பிறகு ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சையையும் செய்தார். எம்.எஸ்.ஸுக்கு நல்லது செய்யும் அந்த ஊசி இந்த நோய்க்கு உதவாது, கிளறிவிடவும் செய்யும். அதைத்தான் நான் என் கையால், எண்ணி எண்ணி, கடைசிச் சொட்டு வரை போட்டிருக்கிறேன்.

பரிசோதனை முடிவு வந்து உறுதியான அன்று மதியம், டாக்டரே சொல்லட்டும் என்று ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நான் உன் எழுத்த நம்பினேன். நீ அவளை நம்பல. ரெண்டு பேரும் போவோம்," என்றார்.

புஷ்பா கட்டிலில் சாய்ந்து, மடியில் தன் மாணவர்களின் பயிற்சித் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். விக்கல் நின்றிருந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் நோயைப் பற்றியும் இனிச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, நான் உண்மையிலயே அந்த ஊசியப் போடாம உங்ககிட்ட பொய் சொல்லியிருந்தா, இன்னும் நல்லா இருந்திருப்பேன். அப்படித்தானே மிஸ்ஸி?"

எதையெதையோ சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆமாம்மா," என்றுதான் வந்தது. "நீ ஒழுங்காத்தான் போட்டிருக்க. நான்தான் நம்பல. மன்னிச்சிரு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புஷ்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அலாமாக்," என்றாள், மலாயில் ஐயையோ என்பது போல. "நல்ல பிள்ளையா இருந்தது எவ்ளோ பெரிய தப்பாப் போச்சு." சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அந்த ஃபைல்ல என்னப் பத்தி எழுதுனீங்கல்ல, அத அழிங்க," என்றாள்.

ஆஸ்பத்திரி ஃபைலில் அழிக்கக்கூடாது. வெள்ளை மையும் பூசக்கூடாது. தவறாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, அடியில் என்ன இருந்தது என்று தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். "அப்ப என் முன்னாடி கோடு போடுங்க."

ஃபைலை அவள் மடியில் வைத்தே விரித்தேன். மூன்று இடம். மூன்று கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதினேன்: நோயாளி சொன்னது உண்மை. என் கணிப்பு தவறு. கையெழுத்து. டாக்டர் சியூ என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூன்று இடத்திலும் என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டுவிட்டு வெளியே போனார்.

புஷ்பாவுக்கு அதன்பின் ஒரு தாக்குதலும் வரவில்லை. இடது கண்ணுக்குச் சிவப்பு நிறம் செங்கல் மாதிரிதான் தெரிகிறது. வெளியே போனால் கையில் ஒரு கம்பு. டடிக்காவில் இன்னும் பாடம் எடுக்கிறாள், வாயும் அப்படியேதான் இருக்கிறது. நானும் அதற்குப் பிறகு யாரிடமும் "உண்மையச் சொல்லு" என்று ஆரம்பித்ததில்லை. டப்பாவை எண்ணினேன், எண்ணிக்கை சரியாக இருந்தால் சரி என்று எழுதினேன், அதற்கு மேலும் நோய் ஏறினால் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

அன்று டாக்டர் போனபின் நான் ஃபைலை மூடப்போனேன். "இருங்க," என்றாள் புஷ்பா. பயிற்சித் தாள்களுக்கு அடியில் துழாவி ஓர் அட்டையை எடுத்தாள். பளபளவென்று ஒட்டும் நட்சத்திரங்கள். தங்க நிறத்தில் ஒன்றைப் பிய்த்து, கடைசிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"தப்ப ஒத்துக்கிட்ட பிள்ளைக்கு எங்க டடிக்காவுல இதான் குடுப்போம்."

அரசாங்க ஃபைலில் நோயாளி எதையும் ஒட்டக்கூடாது. அது எனக்குத் தெரியும். நான் அப்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.